கொல்லைக் குட்டை மீன்கள்

சித்தேரிக்குடி,
நீடாமங்கலம் வழி,
9.2.1997

அன்புத் தங்கை வேம்புவுக்கு அக்கா தங்கம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் சுகம். உன் உடம்பும், உன் வீட்டுக்காரர் தம்பி நாகநாதன் உடம்பும், பாப்பாவின் சளியும் எப்படி இருக்கிறதென்று உடனே எழுது.

நல்ல சேதி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொளத்தூரிலிருந்து நீ பையில் கட்டிக் கொடுத்தாயே, அழகுக்கு வளர்க்கிற கோய் மீன், அது முட்டை வைத்துவிட்டது. விடிகிற நேரத்தில் குட்டையில் ஒரே சலசலப்பு. பாம்புதான் புகுந்துவிட்டதென்று கம்போடு ஓடினேன். சிவப்பும் வெள்ளையுமாக ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஆகாயத்தாமரை வேருக்குள் முட்டி மோதிக்கொண்டிருந்தன. வெயில் ஏறியபின் வேரைத் தூக்கிப் பார்த்தால், கடுகுக்கும் சின்னதாக, கண்ணாடி மணி கோத்தது போல் முட்டை.

நம் குட்டை எது என்று உனக்குத் தெரியும். என் மாமனார் வீடு கட்டும்போது சுவருக்கு மண் வெட்டிய குழிதான். தெருவில் எல்லா வீட்டுக்கும் பின்னால் அப்படி ஒன்று உண்டு. மற்றவர்கள் வாத்து விடுகிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள். நான் மீன் விட்டதைப் பார்த்து, பக்கத்து வீட்டு அம்சம், "திங்காத மீனை வளக்கிறது நீ ஒருத்திதான்" என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அடுத்து என்ன செய்வது? தாய் மீனை அங்கேயே விடலாமா? குஞ்சுக்கு என்ன தீனி? மாமா விவசாயத் தொழிலாளர் சங்க வேலையாகத் திருவாரூர் போயிருக்கிறார். புது மாவட்டம் பிரித்ததிலிருந்து அங்கேதான் பாதி நாள்.

பாப்பாவுக்கு என் முத்தம்.

உன் அக்கா,
தங்கம்மாள்


கொளத்தூர், சென்னை,
17.2.1997

என் அக்காவுக்கு வேம்பு வணக்கம் சொல்லி எழுதுகிறேன். பாப்பாவுக்குச் சளி விட்டது. இவருக்குத் தொட்டி கழுவிக் கழுவி இடுப்பு வலி. மற்றபடி குறையில்லை. மாமாவுக்கு அலைச்சல் அதிகம் போலிருக்கிறது. வெந்நீரில் குளிக்கச் சொல்.

உன் கடிதத்தை இவர் கடைக்கு எடுத்துப்போய் எல்லோரிடமும் படித்துக் காட்டிவிட்டார். முதல் வேலையாக வேரோடு முட்டையை எடுத்து மாட்டுத் தொட்டியில் போடு. தாய் மீனே முட்டையைத் தின்றுவிடும். இந்தக் கடிதம் வருவதற்குள் பாதியைத் தின்றிருந்தாலும் கவலைப்படாதே. மீதியே உனக்கு ஏராளம். குஞ்சு நீந்த ஆரம்பித்ததும், வெந்த முட்டை மஞ்சள்கருவைத் துணியில் கட்டித் தண்ணீரில் கசக்கிவிடு. அப்புறம் கடலைப் புண்ணாக்கும் தவிடும். தண்ணீர் பச்சை பிடிக்கக் கொஞ்சம் சாணி கரைத்து ஊற்று.

விரல் நீளம் வந்ததும் பிரிக்க வேண்டும். நூற்றில் எண்பது மங்கலாகத்தான் இருக்குமாம். அதைக் கழித்துவிட வேண்டும் என்கிறார். உனக்குக் கை வராது என்று எனக்குத் தெரியும். குழம்பு வை.

நிறம் நன்றாக வந்ததை அனுப்பு. இங்கே லியாகத் அலி பாய் கடையில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
வேம்பு


சித்தேரிக்குடி,
4.5.1997

அன்பு வேம்புவுக்கு, எல்லோரும் சுகமாக இருக்கிறோம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். வெயில் கொளுத்துகிறது. பாப்பாவைத் தெருவில் விடாதே.

நான் பைகளில் அனுப்பிய மீன் உயிரோடு வந்து சேர்ந்ததென்று கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. பாயிடம் நன்றி சொல். குட்டைக்கு மேல் பழைய வலை கட்டிவிட்டேன், கொக்குத் தொல்லை குறைந்தது. இப்போது நான் கையைத் தட்டினால் பெரிய மீனெல்லாம் கரைக்கு வந்து வாயைத் திறக்கிறது.

ஒரு சேதி. பண்ணை வீட்டுப் பஞ்சநதம் போன வாரம் வந்தார். தஞ்சாவூரிலேயே இருப்பவர், நம் தெருப்பக்கம் அவர் வந்து நான் பார்த்ததில்லை. கொல்லைக்குப் பின்னால் இருக்கிற அவருடைய வயலை அளக்க ஆள் கூட்டிவந்தார். அளந்துகொண்டே வந்தவர் நம் குட்டையருகில் நின்றுவிட்டார். வெகுநேரம் மீனையே பார்த்தார். அதட்டலோ மிரட்டலோ இல்லை. மரியாதையாகத்தான் பேசினார். நீடாமங்கலத்தில் கல்யாண மண்டபம் கட்டுகிறாராம், வாசலில் தாமரைத் தொட்டி வைக்கிறாராம். "பெருசா இருக்கறத எல்லாம் நானே எடுத்துக்கறேம்மா, வெளிய குடுத்துடாத" என்றார். சரி என்றேன்.

குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். செம்பை நீட்டினேன். வாங்கினார். கையைக் கழுவிக்கொண்டு கொடுத்துவிட்டார்.

மாமா அப்போது சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த தடவை பைகளை யார் மூலம் அனுப்பட்டும்? எழுது.

தங்கம்மாள்


கொளத்தூர்,
15.5.1997

அக்காவுக்கு, இங்கே நாங்கள் சுகம். மாமாவின் சுகத்தைத் தனியாக ஒரு வரி எழுது.

பெரிய மீனுக்கு உள்ளூரிலேயே ஆள் கிடைத்தது நல்லதுதான். பஸ்ஸில் பெரிய மீன் தாங்காது. ஆனால் அக்கா, பஞ்சநதம் வந்துவிட்டுப் போனபின் மாமா என்ன சொன்னார் என்று நீ எழுதவேயில்லை. சைக்கிளுக்குக் காற்றடித்தார் என்று எழுதி அடுத்த பத்திக்குப் போய்விட்டாய். அந்தப் பண்ணைக் களத்தில்தான் மாமாவின் அப்பாவைக் கட்டிவைத்து அடித்தார்கள் என்று உன் கல்யாணத்தன்றே எனக்குச் சொன்னார்கள். அது அவர் அப்பா காலம், இவர் நல்லவராகவே இருக்கலாம். இருந்தாலும் மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடு.

இவருக்கு இடுப்பு வலி தேவலை. அடுத்த பையை வலங்கைமான் சித்தப்பா மகனிடம் கொடுத்தனுப்பு.

வேம்பு


சித்தேரிக்குடி,
30.7.1997

அன்பு வேம்பு, பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நான் சுகம். நீங்கள் மூவரும் சுகமென்று சித்தப்பா மகன் சொன்னான்.

கோரையாற்றில் முறைவைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். நாற்றங்கால் பாதி காய்ந்துவிட்டது. குட்டையில் இடுப்பளவு இருந்த தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. கைப்பம்பில் அடித்துக் குடம் குடமாக ஊற்றுகிறேன். மீன் ஒன்றும் சாகவில்லை.

பஞ்சநதம் பின்பக்க வயலை மனை போட்டு விற்கப்போகிறாராம். நட்ட கல்லெல்லாம் நம் கொல்லைக்குள்தான் வருகிறது. வீடு இருக்கிற இடத்துக்கு மட்டும்தான் நமக்குப் பட்டா, குட்டை இன்னும் பண்ணை பேரில்தான் இருக்கிறதென்று இப்போது சொல்கிறார்கள். ஆனால் அவரே ஆள் அனுப்பிச் சொன்னார், நம் குட்டையை மட்டும் நம் பேருக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறாராம். "அந்த அம்மா பாடுபட்டு வளக்குது, அதுங்கிட்டேருந்து புடுங்கக் கூடாது" என்றாராம். ஒரு கையெழுத்து போட்டால் போதுமாம்.

மாமாவுக்குச் சங்கத்தில் கூட்டம் அதிகம். சாப்பாடுகூடச் சங்கக் கொட்டகையிலேயே முடித்துக்கொள்கிறார்.

நீ என்ன நினைக்கிறாய்? உடனே எழுது.

தங்கம்மாள்


கொளத்தூர்,
8.8.1997

அக்கா, சுகம்தானே. உன் கடிதம் பார்த்து எனக்குத் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில்தான்.

போட்டுவிடு, அக்கா. யோசிக்காதே. இப்படி ஒரு வாய்ப்பு நம் வீட்டுக்கு எப்போது வந்திருக்கிறது? குட்டை உன் பேருக்கு வந்துவிட்டால் பக்கத்திலேயே இரண்டு சிமெண்டுத் தொட்டி கட்டலாம். இவர் வந்து கட்டித்தருவதாகச் சொல்கிறார். ஆண், பெண், குஞ்சு என்று தனித்தனியாக வைத்தால் வருஷம் முழுக்க முட்டை எடுக்கலாம்.

யார் கையெழுத்து, எதில் போடுவது என்று மட்டும் நீ எழுதவில்லை. மாமாவைப் படித்துப் பார்த்துவிட்டுப் போடச் சொல்.

அவருக்கு வீட்டுச் சாப்பாடு கொடு. ஊரார் சமைத்ததைத் தின்று வயிறு கெட்டுவிடும்.

வேம்பு


சித்தேரிக்குடி,
2.9.1997

வேம்புவுக்கு மாமா வீரையன் வணக்கம். நீயும் சகலையும் குழந்தையும் நலமாக இருக்க விரும்புகிறேன். நான் நலம். எனக்குத் துண்டறிக்கை எழுதித்தான் பழக்கம். வீட்டுக் கடிதம் எழுதி வெகுகாலமாகிறது. தவறிருந்தால் பொறுத்துக்கொள்.

கையெழுத்துப் போடச்சொல்லி நீ எழுதியதை உன் அக்கா என் முன்னால் சத்தமாகப் படித்தாள். உனக்கு முழு விவரம் தெரியாது என்று புரிந்தது. அதனால் இதை எழுதுகிறேன்.

எழுபத்தொன்றில், பண்ணை நிலத்தில் குடியிருப்பவருக்கே மனை சொந்தம் என்று குடியிருப்புச் சட்டம் வந்தபோது எங்கள் தெருவுக்கு வீட்டு மனை கிடைத்தது. கொல்லை விட்டுப்போனது. அப்போது வீடு நிலைத்ததே பெரிதாக இருந்தது, யாரும் கேட்கவில்லை. இந்த வருஷம் தாலுகா ஆபீஸ் ஜமாபந்தியில் தெரு முழுவதும் சேர்ந்து மனுக் கொடுத்தோம். கொல்லையும் குட்டையும் வீட்டோடு சேர்ந்தது, எங்கள் அனுபவத்தில் இருப்பது, பட்டாவில் சேர்க்க வேண்டும் என்று. மனுவில் முதல் பேர் என்னுடையது. பஞ்சநதம் தரப்பு, அதெல்லாம் யாரும் புழங்காத பாழுங்குழி என்கிறது. அவர் கேட்கும் கையெழுத்து, குட்டைகள் பண்ணைக்குச் சொந்தம் என்று நான் ஒப்புக்கொள்ளும் கையெழுத்து. அதற்குக் கூலியாக எங்கள் குட்டை மட்டும் எங்களுக்கு. முதல் பேர்க்காரனே விலகினால் மனு நிற்காது. மற்ற வீட்டுக் கொல்லையெல்லாம் போகும்.

போடமாட்டேன் என்றேன். அதற்கு அவள், "மீனு என்னோடது, தண்ணி ஊத்துறது நான், கையெழுத்து மட்டும் ஒங்களோடதா?" என்றாள். உண்மையில் நான் கூட்டம் கூட்டமாக அலைந்த வருஷங்களில் அடுப்பெரிந்தது அவளால்தான். ஆடியிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. நான் சங்கக் கொட்டகையில் படுத்துக்கொள்கிறேன்.

அவளைத் திட்டி எழுதாதே. என் பக்கம் பேசும்படியும் கேட்கவில்லை. தெரிந்துகொண்டு எழுது, அவ்வளவுதான். தாசில்தார் ஐப்பசியில் நேரில் வந்து பார்க்கப்போகிறார்.

தோழமையுடன்,
வீரையன்


கொளத்தூர்,
11.9.1997

அக்கா, மாமா எனக்கு எழுதினார். அவர் உன்னைப் பற்றி ஒரு குறையும் எழுதவில்லை, அதனால் நீ அவரிடம் சண்டைக்குப் போகாதே.

ஏன் எனக்குச் சொல்லவில்லை? அம்சத்தின் கொல்லையும் போகும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் அப்படிக் குதித்து எழுதியிருப்பேனா? நான் போடு என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் போடாதே என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. கைப்பம்பு அடித்த கை உன்னுடையது. நான் இங்கே உட்கார்ந்துகொண்டு எதைச் சொன்னாலும் சுலபமாகத்தான் இருக்கும்.

நான் வரட்டுமா? ஒரு கார்டு போட்டால் போதும், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். நீ சாப்பிடுகிறாயா?

வேம்பு


கொளத்தூர்,
24.10.1997

அக்காவுக்கு, இங்கே சுகம். உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. தீபாவளிக்கு உனக்கு எடுத்த புடவையைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், பச்சை நிறம். அந்தப் பக்கம் விடாத மழை என்று ரேடியோவில் சொல்கிறார்கள். வீட்டுச் சுவர் நிற்கிறதா? குட்டை எப்படி இருக்கிறது? மீனைப் பற்றியாவது எழுது.

வேம்பு


சித்தேரிக்குடி,
20.11.1997

என் வேம்புவுக்கு அக்கா எழுதுவது. உயிரோடு சுகமாக இருக்கிறேன். புடவை வந்தது. உடுத்திக்கொண்டேன். உன்னைக் காக்கவைத்ததற்கு என்னை நாலு திட்டு திட்டிக்கொள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். சொன்னால் நீ வேண்டாம் என்பாய். நீயும் வேண்டாம் என்றால் என் பக்கம் நிற்க வேறு யார் இருக்கிறார்கள்? அதனால்தான் பாதியை எழுதினேன். மறுபாதியை எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

தீபாவளிக்கு முன் அடித்த மழையில் குட்டை நிரம்பி வழிந்தது. கொல்லையெல்லாம் ஒரே வெள்ளம், எது என் குட்டை, எது அம்சத்தின் குட்டை என்று தெரியவில்லை. வலையை மீறி மீன் போய்விட்டது. தண்ணீர் வடிந்ததும் சல்லடையை எடுத்துக்கொண்டு தேடிப் போனேன். அம்சம் அவள் குட்டைக் கரையில் குந்தியிருந்தாள். பழைய சோற்றை உருட்டிப் போட்டுக்கொண்டு, என்னைப் போலவே கையைத் தட்டினாள். என் மீன்கள் அவளிடம் வந்து வாயைத் திறந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "ஒன் மீனுதான், ஒண்ணையும் தொடல. புடிச்சுக்க" என்றாள். கையெழுத்து விஷயம் தெருவுக்கே தெரியும், வேம்பு. அவளுக்கும் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் பிடிக்கவில்லை. "இருக்கட்டும், ஒங்கிட்டயே வளரட்டும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்து உட்கார்ந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. பாழுங்குழி என்றுதானே சொல்கிறார்கள்?

அன்றிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போனேன். குட்டையைத் துப்புரவு செய்யச் சொன்னேன். மண்டபத்துக்கென்று மழைக்கு முன்பே மாட்டுத் தொட்டியில் ஒதுக்கி வைத்திருந்த பெரிய மீனையெல்லாம் குடத்தில் எடுத்துப் போய்க் குட்டைக்குக் கொஞ்சமாக விட்டேன். தினமும் தவிடு போட்டுக் கைதட்டிப் பழக்கச் சொன்னேன். வீட்டுப் பெண்களுக்கு மட்டும்தான் சொன்னேன். மாமாவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தால் அதற்கும் ஒரு கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதுவார்.

தாசில்தார் வந்த அன்று லேசான தூறல். பஞ்சநதம் வரவில்லை, அவருடைய கணக்குப்பிள்ளை குடையோடு வந்தார். மாமாவும் சங்கத்துக்காரர்களும் மனு நகலோடு நின்றார்கள். "எல்லாம் பாழுங்குட்டைங்க சார், கொசுதான் இருக்கும்" என்று கணக்குப்பிள்ளை முன்னால் நடந்தார். முதல் வீடு அம்சத்தினுடையது. அவள் கைதட்டினாள். சிவப்பும் வெள்ளையுமாக மேலே வந்தது.

தாசில்தார் குனிந்து பார்த்தார். "யாரு மீனும்மா இது?" என்றார்.

"எங்க மீனுங்க."

அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டிலும் எங்க மீனுதாங்க என்றார்கள். கணக்குப்பிள்ளை குடையைச் சுருக்கிவிட்டார். கடைசியில் நம் குட்டைக்கு வந்தார்கள். நான் தட்டினேன். இரண்டு மூன்றுதான் வந்தது. அதிலும் ஒன்று மங்கல்.

"ஒங்க குட்டையிலதான் ரொம்பக் கம்மியா இருக்கு" என்றார் தாசில்தார்.

"எனக்கு அவ்வளவா வளக்கத் தெரியாதுங்க" என்றேன்.

பின்னால் மாமா இருமினார். திரும்பிப் பார்த்தேன். இருமல் இல்லை, துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அன்று இரவு வீட்டில் சாப்பிட்டார்.

பெரிய மீன் இல்லையென்று பஞ்சநதத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். உத்தரவு இன்னும் வரவில்லை. எப்படி வருமோ தெரியாது. தெருவில் யாரிடமும் மீனைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. அதிகாரி முன்னால் எங்க மீன் என்று சொன்னார்கள், சொன்னது சொன்னதுதான். வெறும் தண்ணீராகக் கிடக்கிற என் குட்டையைப் பார்க்கும்போது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

மழையில் பாப்பாவை நனையவிடாதே.

உன் அக்கா,
தங்கம்மாள்


கொளத்தூர்,
20.1.1998

என் அக்காவுக்கு, பொங்கல் நல்லபடி போனது. நாங்கள் சுகம்.

மாமா நேற்றுக் காலை வந்து சேர்ந்தார். இங்கே சங்க வேலை முடித்து வெள்ளிக்கிழமைதான் பஸ் ஏறுகிறார். இந்தக் கடிதத்தை அவரிடம் கொடுக்காமல் தபாலில் போடுகிறேன். காரணம் கடைசியில்.

கதவைத் திறந்தால் இரண்டு கையிலும் மீன் பைகளோடு நிற்கிறார். ஒவ்வொரு பையிலும் ஒரு வீட்டுக்காரியின் பேர் எழுதி ஒட்டியிருந்தது. உன் பேர் போட்ட பைதான் இருந்ததிலேயே சின்னது. அதை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். லியாகத் அலி பாயிடம் அவர் பேரம் பேசியதைக் கேட்டு இவர் அசந்துபோனார். பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒங்க மாமா மில்லு மொதலாளிகிட்டப் பேசுற மாதிரி பேசுறாரும்மா" என்றார். ஆனாலும் கேட்டதைக் கொடுத்தார்.

உத்தரவு வந்த சேதியைச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்வரை சொல்லவில்லை. கொல்லையும் குட்டையும் வீட்டோடு சேர்ந்தது என்று எழுதியிருக்கிறார்களாமே. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பஞ்சநதம் திருவாரூரில் அப்பீல் போடுவாராம். "போடட்டும். இருவத்தஞ்சு வருசம் நடந்தாச்சு, இன்னும் கொஞ்சம் நடக்குறோம்" என்றார். பெரிய மகிழ்ச்சியாக ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. பாப்பாவை மட்டும் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் இரண்டு நடை நடந்துவிட்டு வந்தார்.

இன்று மத்தியானம் நான் தொட்டியருகில் தனியாக இருந்தபோது வந்து நின்றார். அங்குமிங்கும் பார்த்தார். இவர் வீட்டில் இல்லையா என்று கேட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வேம்பு, இதுல ஆம்பளை மீனு எது, பொம்பளை மீனு எதுன்னு எனக்குச் சொல்லிக்குடு. அவகிட்டக் கேட்டா சிரிப்பா" என்றார்.

ஒரு ஆண் மீனைப் பிடித்து, செவுள் மூடியில் அவர் விரலை வைத்துக் காட்டினேன். மணல் ஒட்டியது போல் சொரசொரவென்று இருக்கும் என்றேன். பெண் மீனின் வயிற்றையும் தடவிப் பார்க்கச் சொன்னேன். மனு படிப்பது போல் முகத்தை வைத்துக்கொண்டு தடவிப் பார்த்தார். அப்புறம் தானாகவே இன்னொன்றைப் பிடித்தார். வெகுநேரம் யோசித்து, "பொம்பளை" என்றார். அது ஆண். நான் ஆமாம் மாமா என்று சொல்லிவிட்டேன்.

ஊருக்கு வந்ததும் குட்டைக் கரையில் நின்று உன்னிடம் எதையாவது சொல்லுவார். தப்பாகச் சொன்னாலும் திருத்தாதே, அக்கா. கொஞ்ச நாள் போகட்டும்.

உன்,
வேம்பு